குழலுக்குள் இருட்டு

"பென்சிலை இறுக்கிப் பிடியும்" என்று இவர் சொன்னார், நான் இறுக்கிப் பிடித்தேன். எனக்கு எதையும் அளவாகப் பிடிக்கத் தெரியாது. பிடித்தால் உயிர் போகிற மாதிரித்தான் பிடிப்பேன். லயா பிறந்த அன்று தாதிப் பெண் தன் மணிக்கட்டிலிருந்து என் விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி எடுத்தாள், அவளுடைய வெள்ளைத் தோலில் என் நகம் பதிந்த பிறைகள் அன்று முழுக்க அழியாமல் இருந்தன. சாப்பாட்டு மேசையில் பழைய குளியல் துவாயை விரித்து அதன்மேல் வேட்டைத் துவக்கைப் படுக்க வைத்திருந்தார், வாய் யன்னல் பக்கம், பின்பக்கம் என் பக்கம். நாங்கள் சோறு தின்கிற மேசை. காலையில் லயாவுக்குக் குழைத்த பருப்பின் மஞ்சள் கறை ஓரத்தில் காய்ந்து கிடந்தது, அதற்கு ஒரு சாண் தள்ளி அந்தக் கறுத்த இரும்பு. துவக்கு என்ற சொல்லையே அம்மா வாயால் சொல்ல மாட்டா. "அது" என்பா, "அதோட வந்து நிக்கிறாங்கள், சத்தம் போடாதை" என்பா, என் வாயைத் தன் உள்ளங்கையால் பொத்துவா, அந்த உள்ளங்கையில் எப்போதும் வெங்காய மணம். அப்படிப்பட்டவளின் மகள் இங்கே வடநோர்வேயில், மரமே முளைக்காத ஒரு மீன்பிடி ஊரில், "அதன்" பின்பக்கம் பென்சில் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அம்மாவுக்குச் சொல்லவில்லை. சொன்னால் அங்கேயே கட்டிலில் விழுந்துவிடுவா. இவர் மீன் ஆலையில் மெஷின் திருத்துகிறவர். இலையுதிர் காலம் தொடங்கினால் ஆலை ஆட்கள் எல்லாரும் தூரத்துக் காட்டுக்கு மான் வேட்டைக்குப் போவார்கள், மாடு அளவு மான், இந்த வருசம் இவரையும் கூட்டிக்கொண்டு போகிறார்கள். "எங்கட ஆக்களில நான்தானப்பா முதல் ஆள்" என்று சொல்லும்போது இவருடைய காது மடல் சிவக்கும். இந்தச் சிவப்பு எனக்குப் பிடிக்கும், அதனால்தான் வேண்டாம் என்று சொல்லாமல் விட்டேன், பயம் எனக்கு, சந்தோசம் அவருக்கு, இரண்டும் ஒரே மேசையில்.

இவர் விளங்கப்படுத்தினார், விளங்கினால் பயம் குறையும் என்று நானும் கவனமாகக் கேட்டேன். ரவை என்று நாங்கள் ஒட்டுமொத்தமாகச் சொல்வது உண்மையில் இரண்டு சாமான்: வெடிமருந்து நிரப்புகிற பித்தளைக் கோது, அதன் வாயில் செருகி நிற்கிற சன்னம். பறந்து போவது சன்னம் மட்டும்தான். அதைக் கோதுக்குள் எவ்வளவு ஆழத்துக்குச் செருகுவது என்பதுதான் இன்றைய கேள்வி. வெளியே கூடுதலாக நீட்டிக்கொண்டிருந்தால் அதன் மூக்கு, குழலின் உட்சுவரில் வெட்டிய சுருள்வரி தொடங்குகிற இடத்தில் போய் முட்டும், முட்டினால் அமுக்கம் கூடும், அது கூடாத காரியம். முட்டுவதற்கு மயிரிழை முன்னால் அது நிற்க வேண்டும். "ஒவ்வொரு துவக்குக்கும் இந்த இடம் வேற வேற. புத்தகத்தைப் பாத்துச் சொல்லேலாது. அளந்துதான் பாக்கவேணும்." இந்தத் துவக்கை இவருக்கு விற்ற ஓட்வார் என்கிற ஆள் தன் வீட்டுக் கொட்டிலில் ரவை கட்டித் தருவாராம், மருந்து எல்லாம் அங்கேதான், இவர் அளவை மட்டும் கொண்டுபோனால் போதும், நாளைக்குச் சுட்டுப் பழகலாம். அளக்கிற விதம்தான் எனக்குச் சிரிப்பைத் தந்தது, இவ்வளவு பெரிய சாவுச் சாமானுக்கு இவ்வளவு சின்னப்பிள்ளை வேலையா என்று. போல்ட் என்கிற பின்கதவை வெறுமையாக மூடிவிட்டு, வாய்ப்பக்கத்தால் துப்புரவுக் கம்பியை விட்டு, அது உள்ளே முட்டியதும் வாயோரமாகக் கம்பியில் நீல ஒட்டு ரேப் துண்டு ஒன்று சுற்றினார். பிறகு போல்ட்டைக் கழற்றினார், தனிச் சன்னம் ஒன்றைப் பின்பக்கத்தால் உள்ளே விட்டார், அது வரியில் போய் நின்றது, அது அசையாமல் நான் பின்னாலிருந்து பென்சிலின் மொட்டைப் பக்கத்தால் அழுத்திப் பிடிக்க, இவர் திரும்பவும் வாய்ப்பக்கத்தால் கம்பியை விட்டு அதன் மூக்கைத் தொட்டார், அங்கே இரண்டாவது ரேப். இரண்டு ரேப்புக்கும் இடைப்பட்ட தூரம்தான் அளவு. அதை அளக்க இவர் இடுக்கிமானியை எடுத்ததும் எனக்குக் கொன்வென்ற் ஆய்வுகூடம் வந்துவிட்டது, சிஸ்டர் பெனடிக்ராவின் சுருக்கமில்லாத வெள்ளை உடுப்பு, அவவுடைய குரல்: "பிள்ளையள், எதையும் அளக்க முதல் வெறுமையா மூடிப் பாருங்கோ. ஒண்டும் இல்லாத நேரத்தில அது என்ன காட்டுது? பூச்சியமோ? இல்லையெண்டா அதுதான் பூச்சிய வழு. அதைக் கழிச்சுப்போட்டுத்தான் மிச்சம்." எனக்குப் பக்கத்து மேசைக்காரி சிரித்தாள், நான் சிரிக்கவில்லை, என் இடுக்கிமானி வெறுமையாக இருந்தும் ஏதோ ஒன்றைக் காட்டிக்கொண்டிருந்தது, நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஒன்றுமே இல்லாததை இது எப்படி அளக்கிறது என்று.

இவர் கம்பியை வெளியே உருவினார், துவக்கின் வாயை மேலே தூக்கினார், சன்னம் பின்பக்கத்தால் விழட்டும் என்று துவக்கின் மரக் கட்டையில் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார், அந்த நேரம் பார்த்து இவருடைய போன் அடித்தது, நான் திடுக்கிட்டேன், கீழே லயா தவழ்ந்து வந்து என் காலைப் பிடித்தாள், ஏதோ விழுந்த சத்தம் கேட்டது, எல்லாம் ஒரே நேரத்தில், பிறகு நான் எத்தனை தரம் அந்த நேரத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தும் எது முதல் எது பிறகு என்று பிரிக்க முடியவில்லை. ஆலையில் மீனின் தோல் உரிக்கிற மெஷின் நின்றுவிட்டது, வள்ளம் வந்து காத்துக்கொண்டு நிற்கிறது, உடனே வா என்று போனில் சொன்னார்கள். "விழுந்திட்டுது, எடுத்துப் பெட்டிக்குள்ள வையும்" என்று சப்பாத்தை மாட்டிக்கொண்டே சொன்னார். "இதைப் பூட்டிப்போட்டுப் போங்கோவன்" என்றேன். "திரும்ப வந்து இன்னொருக்கா அளக்கவேணுமப்பா, சரிபாக்க. இஞ்ச பாரும்," போல்ட்டைத் தூக்கிக் காட்டி ஜக்கெற் பைக்குள் போட்டார், "இதின்ர உயிர் என்ர பைக்குள்ள. மேசையில கிடக்கிறது வெறும் பைப். தண்ணிக் குழாய்க்குப் பயப்பிடுவீரோ?" என்று சிரித்தார், கதவு சாத்திக்கொண்டது, படியில் அவருடைய ஓட்டம், பிறகு கார், பிறகு காற்று. நான் தண்ணிக் குழாய்க்கும் பயப்பட்டிருக்கிறேன், குழாயடியில் வரிசையில் நின்றபோதுதான் ஒருநாள் மேலே விமானம் வந்தது, அதை இவருக்கு நான் சொன்னதில்லை. லயாவின் பம்பர்ஸ் கனத்துத் தொங்கியது. மாற்றினேன், கை கழுவினேனா, பிறகு நினைத்துப் பார்த்தேன், கழுவவில்லை, ஈரத் துணியால் துடைத்தது மட்டும்தான். திரும்பி வந்து மேசையைப் பார்த்தேன். துவாய் இருந்தது, கம்பி இருந்தது, சன்னப் பெட்டி ஒரு குழி வெறுமையாக இருந்தது. சன்னம் இல்லை. மேசையின் கீழே லயா உட்கார்ந்து எதையோ மென்றுகொண்டிருந்தாள்.

வாயைத் திற, ஆ, அம்மாவுக்குக் காட்டு, ஆ சொல்லு செல்லம், விரலை விட்டுத் துழாவினேன், கடித்தாள், இன்னும் துழாவினேன், நீல ரேப்பின் ஒரு மிச்சத் துண்டு வந்தது, எச்சிலில் ஊறிச் சுருண்டது. அவ்வளவுதான். அவ்வளவுதானா. சன்னம் என் சின்ன விரலின் நுனியிலிருந்து இரண்டாவது கணுவுக்குக் கிட்ட வரும், வழவழப்பானது, செப்பு நிறம், மூக்குக் கூரானது, ஒரு குழந்தை விழுங்குவதற்கென்றே செய்த மாதிரி. ரேப்பை விழுங்காதவள் அதையும் விழுங்கியிருக்க மாட்டாள் என்று ஒரு பக்கம், ரேப்பை இரண்டாவதாகத்தான் எடுத்தாள் என்று மறுபக்கம். அவளுடைய வாயை முகர்ந்தேன். எண்ணெய் மணத்தது. துவக்கெண்ணெய், மண்ணெண்ணெயும் இரும்பும் கலந்த அந்த மணம், பாலும் பிஸ்கட்டும் மணக்க வேண்டிய வாயில். உள்ளே ஈயம் என்று இவர்தான் சொன்னவர், மேலே செப்புத் தோல், உள்ளே ஈயம். ஈயம் வயிற்றுக்குள் என்ன செய்யும், கரையுமா, இரத்தத்துக்குள் போகுமா, மூளைக்குப் போகுமா, மூச்சுக்குழாயில் இறங்கியிருந்தால் இருமுவாள், இருமவில்லை, சிரிக்கிறாள், நான்கு பல்லையும் காட்டி, நான் விளையாடுகிறேன் என்று நினைக்கிறாள். எத்தனை காலம் எத்தனை சன்னங்களுக்கு இடையில் நாங்கள் தப்பி வந்தோம், பள்ளிக்கூடச் சுவரில் இருந்தன, பனைமரத்தில் இருந்தன, எல்லாவற்றையும் தாண்டி உலகத்தின் உச்சிவரை வந்து, கடைசியில் சுடாத ஒரு சன்னம் என் பிள்ளையின் வயிற்றுக்குள்ளா.

தேடினேன். நாலு காலில் தவழ்ந்து தேடினேன், லயாவும் சந்தோசமாக என் பின்னால் தவழ்ந்து வந்தாள். கதிரைகளின் கீழே, சூடாக்கியின் கீழே, சோபாவின் மடிப்பில், ஒரு காய்ந்த பட்டாணி, ஒரு தோடு, போன மாசம் தொலைந்த பூட்டுத் திறப்பு. அந்தோனியாரே, அந்தோனியாரே, நான் சைவக்காரிதான், ஆனால் கொன்வென்றில் படித்தவளுக்குத் தொலைந்ததைத் தேட வேறு யாரைத் தெரியும், திருநீறு பூசின நெற்றியோடு நாங்கள் எல்லாரும் கணக்குப் புத்தகம் தொலைந்தாலும் அவரைத்தான் கூப்பிட்டோம். சின்ன வயதில் நாங்கள் கோது பொறுக்கினோம். றோட்டோரம் மினுங்கும், சட்டைப் பைக்குள் போட்டால் நடக்கும்போது கிணுகிணுக்கும். சிஸ்டர் ஒருநாள் எல்லாருடைய பையையும் மேசையில் கவிழ்க்கச் சொன்னா, அடிப்பா என்று நடுங்கினோம், அடிக்கவில்லை, அள்ளிக்கொண்டு போனா. அடுத்த கிழமை மாதா சொரூபத்துக்கு முன்னால் ஒரு பெரிய கோதுக்குள் செவ்வந்திப்பூ நின்றது. பூ வைத்தால் அது பூச்சாடி ஆகிவிடுமா. பென்சில் வைத்தால் துவக்கு பள்ளிக்கூடச் சாமான் ஆகிவிடுமா. கதிரையின் கீழே பென்சில் கிடைத்தது, எடுத்து மேசையில் போட்டேன், எனக்குத் தேவையானது பென்சில் இல்லை. இவருக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை, மெஷின் சத்தத்தில் அவருக்குக் கேட்காது. திரும்ப அடித்தேன். மூன்றாவது தரம் அடிக்கப் போகையில் போன் தானே அடித்தது, வாசுகி அக்கா, இந்த ஊரில் எங்களைவிட முதல் வந்த தமிழாக்கள், தெருவின் மறுமுனையில் வீடு, யாருக்குக் கறிவேப்பிலை வந்தாலும் முதலில் அவவுக்குத் தெரியும்.

"என்னடி, மூச்சு வாங்குது? மாடிப்படி ஏறினனியே?" நான் அழுதுவிட்டேன். அழுதுகொண்டே சொன்னேன். "ஐயோ, உந்தாளுக்கென்ன விசரே? மான் இறைச்சி வேணுமெண்டா கடையில விக்கிறாங்கள்தானே!" பிறகு, "சரி சரி, அழாதை. பிள்ளை மூச்சு விடுறாளோ? சிரிக்கிறாளோ? அப்ப ஒண்டுமில்லை. என்ர மூத்தவன் ஊரில ரெண்டு ரூவாக் குத்தியை விழுங்கினவன், வாழைப்பழம் குடுத்தம், அடுத்த நாள் வந்திட்டுது, மாமி கழுவி உண்டியலுக்குள்ளயே போட்டவ." நான் அழுகைக்கு நடுவில் சிரித்தேன், சிரித்ததற்காக என்னையே வெறுத்தேன். பிறகு அக்காவின் குரல் இறங்கியது. "டொக்டருக்கு மட்டும் அடிச்சுப்போடாதை. துவக்கு எண்டு சொன்னியோ, அவ்வளவுதான். பிள்ளையளைப் பறிக்கிற அரசாங்கக் கந்தோரில இருந்து வந்து நிப்பினம். பிள்ளை எங்க, துவக்கு எங்க, தாய் என்ன செய்தவ எண்டு ஆயிரம் கேள்வி. முதல் வாழைப்பழத்தைக் குடு. நான் வாறன்." போனை வைத்துவிட்டா. எனக்கு வாழைப்பழம் உரிக்கக் கை வந்தது, அதுதான் வெட்கம், முதலில் பழத்தைத்தான் உரித்தேன். லயா இரண்டு கையாலும் பிசைந்து தின்றாள். நான் யன்னலால் றோட்டைப் பார்த்தேன், ஏதோ ஒரு கார் வந்து நிற்கும், இரண்டு பேர் கோப்போடு இறங்குவார்கள், அன்பாகத்தான் பேசுவார்கள், அன்பாகவே தூக்கிக்கொண்டு போவார்கள். ஒருவரும் இறங்கவில்லை. கடற்பறவை ஒன்று குப்பைத் தொட்டியின் மேல் நின்று என்னையே பார்த்தது. பிறகு என் மனசு மிகவும் எளிமையாக ஒன்றைச் சொன்னது, சத்தமே இல்லாமல்: தூக்கிக்கொண்டு போனாலும் உயிரோடுதானே தூக்கிக்கொண்டு போவார்கள். நான் அவசர வைத்திய இலக்கத்தை அடித்தேன்.

"நீங்கள் வரிசையில் இருக்கிறீர்கள்" என்று ஒரு பெண் குரல் நொர்ஸ்க் மொழியில் சொல்லி, பியானோ போட்டது. அந்தப் பியானோ கொன்வென்ற் மண்டபத்தில் மழை நாளில் கேட்கிற மாதிரி இருந்தது, நான் லயாவை இடுப்பில் வைத்துக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன், அவள் வாழைப்பழக் கையால் என் முடியைப் பிடித்தாள். பிறகு ஒரு தாதி வந்தாள். எனக்குத் தெரிந்த எல்லா நொர்ஸ்க்கும் ஓடிப்போய்விட்டது, வகுப்பில் படித்த வசனங்கள் மட்டும் மிஞ்சின, என் பெயர் நிரோஜினி, நான் இலங்கையிலிருந்து வருகிறேன். பிள்ளை ஒரு சாமானை விழுங்கியிருக்கலாம் என்றேன். என்ன சாமான். உலோகம். எவ்வளவு பெரிது. சொன்னேன். என்ன உலோகம், பற்றரியா, காந்தமா. இல்லை. அப்படியானால் என்ன. பறவை இன்னும் குப்பைத் தொட்டியில்தான் நின்றது. சன்னம் என்றேன். துவக்கின் சன்னம். மருந்து இல்லாதது, தலை மட்டும், என் கணவர் அளவெடுத்துக்கொண்டிருந்தார். சொல்லி முடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன், என் வாயைப் பொத்துகிற அம்மாவின் கை வரவில்லை. "சரி" என்றாள் தாதி, கடைக்குப் பாண் வாங்கப் போனேன் என்று நான் சொன்ன மாதிரி. "பிள்ளை இருமுகிறாளா? எச்சில் வடிகிறதா? குரல் மாறியிருக்கிறதா?" இல்லை, இல்லை, இல்லை, பழம் தின்கிறாள். "நல்லது. பிள்ளை நன்றாக மூச்சு விடுகிறாள். நீ மூச்சு விடுகிறாயா?" என்னை யாரும் அதுவரை இதைக் கேட்டதில்லை. விட்டுப் பார்த்தேன். வந்தது. "இப்போது யோசித்துச் சொல். அந்தச் சாமானைக் கடைசியாக எங்கே பார்த்தாய்? கேட்டது வேண்டாம், நினைத்தது வேண்டாம். உன் கண்ணால் கடைசியாக எங்கே பார்த்தாய்?"

மேசையில் என்று சொல்ல வாயைத் திறந்தேன். மேசையில் நான் பார்க்கவில்லை. தரையில் பார்க்கவில்லை. லயாவின் கையில் பார்க்கவில்லை. விழுந்தது என்று இவர் சொன்னார், இவர் கதவடியில் நின்று சொன்னார், சத்தத்தை வைத்துச் சொன்னார். சத்தம். நான் மேசையைப் பார்த்தேன், நான் எறிந்த இடத்தில் பென்சில் கிடந்தது. போன் அடித்தபோது என் கையில் பென்சில் இருந்தது, பிறகு இல்லை, பிறகு கதிரையின் கீழே இருந்தது. விழுந்தது பென்சில். எடுத்தேன். அதன் மொட்டைப் பக்கத்தில் ஒரு வட்டம் பதிந்திருந்தது, மரத்தின் மேல் வட்டமாக ஒரு தழும்பு, முத்திரை குத்தின மாதிரி ஆழமாக, நான் எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தேன் என்பதன் அளவு. லயா பிறந்த அன்று அந்தத் தாதியின் கையில் இருந்த பிறைகள் மாதிரி. அப்படி நான் அழுத்தியிருந்தால் அது வரிக்குள் போய் இறுகியிருக்கும், கம்பி மூக்கைத் தொட்டபோதும் அசையாமல் இருந்திருக்கும், இவர் கட்டையில் தட்டியபோதும் விழுந்திருக்காது. "ஹலோ?" என்றாள் தாதி. "நிக்கிறன்" என்று தமிழில் சொன்னேன். பார்க்க வேண்டும். பார்க்க வேண்டுமென்றால் கண்ணை அதன் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும். போல்ட் இல்லை, உயிர் இவருடைய பைக்குள், வெறும் பைப், பின்பக்கத்தால்தானே பார்க்கப் போகிறேன், வாய் யன்னலைப் பார்க்கிறது, யன்னலுக்கு வெளியே வானம், குழலுக்குள் ஒன்றும் இல்லையென்றால் அந்த வானம் ஒரு சின்ன வெள்ளைக் காசு மாதிரி மறுமுனையில் தெரியும். வெளிச்சம் தெரிந்தால் சன்னம் பிள்ளையின் வயிற்றுக்குள். இருட்டாக இருந்தால். வாழ்க்கையில் எத்தனையோ இடத்தில் இருட்டுக்குள் வெளிச்சம் கேட்டிருக்கிறேன், பதுங்குகுழியில், விமான நிலையத்துக் கண்ணாடிக் கதவுக்குள், பிரசவ அறையில், முதல் தரமாக இருட்டைக் கேட்டேன், அந்தோனியாரே, இருட்டாக இருக்கட்டும். லயாவைக் கீழே இறக்கினேன். குனிந்தேன். மேசையோரத்தில் கன்னம் பட்டது, எண்ணெய் மணத்தது, ஒரு கண்ணை மூடினேன்.

இருட்டு. கறுத்த, முழுமையான, ஒரு ஊசிமுனை வெளிச்சமும் இல்லாத இருட்டு. நான் நம்பவில்லை, இழுப்பறையிலிருந்து டோர்ச்சை எடுத்து அடித்தேன், உள்ளே, ஒரு விரல் ஆழத்துக்கும் சற்று அப்பால், செப்பு விளிம்பு போட்ட ஒரு சாம்பல் வட்டம் எனக்கு மினுங்கியது, பென்சிலில் பதிந்த வட்டத்தின் அதே அளவு. "இருக்கிறது" என்றேன், "குழலுக்குள் இருக்கிறது, குழலுக்குள் இருக்கிறது" என்று, நொர்ஸ்க்கில் அந்தச் சொல் எனக்கு எப்படி வந்தது என்று இப்போதும் தெரியவில்லை. தாதி சிரித்தாள், வாய்விட்டு, வடக்கத்தைய ஆட்கள் சிரிக்கிற மாதிரி. "என் தம்பிக்கும் ஒருமுறை அப்படி நடந்தது. அவர்களுக்கு எப்போதும் அவசரம். கணவர் வந்ததும் சொல், அதை வெளியே எடுக்காமல் அந்தத் துவக்குக்குள் வேறு ஒன்றையும் போடக் கூடாது. அதோடு அடுத்த முறை பிள்ளை நித்திரையான பிறகு அளக்கச் சொல்." அவ்வளவுதான். கோப்பும் இல்லை, காரும் இல்லை. வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்டாள், எண்ணெய் மணம் என்றேன், பிள்ளையின் வாயில் துவக்கெண்ணெய் மணம் என்றேன். "உன் விரலை முகர்ந்து பார்" என்றாள். முகர்ந்தேன். என்னுடையதுதான். நான்தான் அந்த விரலை அவளுடைய வாய்க்குள் விட்டேன், விட்டுவிட்டு அதன் மணத்தை அவளிடம் கண்டுபிடித்தேன். அவளுடைய வாயைத் துடைக்கச் சொன்னாள், கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவச் சொன்னாள், நல்ல நாளாக அமையட்டும் என்றாள். கழுவினேன். கழுவிக்கொண்டு நிற்கையில் சிஸ்டரின் குரல், ஒண்டும் இல்லாத நேரத்தில அது என்ன காட்டுது, பிள்ளையள். என்ன காட்டும் சிஸ்டர், என்னைக் காட்டும். வெறுமையாக மூடினாலும் என்னில் ஒரு அளவு பயம் எப்போதும் நிற்கும், அது லயாவுடையது இல்லை, இந்த ஊருடையது இல்லை, தாதியுடையதும் இல்லை, எங்கேயோ முன்னுக்கே வளைந்துவிட்டது, அதைக் கழித்துவிட்டுப் பார்த்தால் இன்று என்ன நடந்தது? ஒரு பிள்ளை வாழைப்பழம் தின்றது.

வாசுகி அக்கா வேர்க்க விறுவிறுக்க ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தா, நடந்ததைக் கேட்டா, கதிரையில் பொத்தென்று உட்கார்ந்தா, "அப்ப இவ்வளவு பழத்தையும் ஆர் தின்னுறது?" என்றா, பிறகு நாங்கள் இரண்டு பேரும் தேத்தண்ணி ஊற்றி எல்லாவற்றையும் தின்றோம். போகும்போது செருப்பைப் போட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "டொக்டருக்கு அடிச்சது நல்லதுதான்டி" என்றா. இவர் வந்தபோது உடம்பெல்லாம் மீன் மணம். நான் பென்சிலை நீட்டினேன். இவருக்குப் புரியவில்லை. மேசையைக் காட்டினேன். குனிந்து பார்த்தார். இவருடைய காது மடலைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன், அது வெளுத்தது, மெழுகு மாதிரி. "நான் விழுந்திட்டுது எண்டெல்லே..." என்றார், நிறுத்தினார். "நாளைக்கு நான் இதைப் பாக்காமல்..." என்றார், அதையும் நிறுத்தினார். நான் அந்த இரண்டு வசனத்தையும் முடித்துக் கொடுக்கவில்லை. முடிவு எனக்குத் தெரியும்: அடைத்த குழலில் சுட்டால் குழல் வெடிக்கும், அதற்குப் பின்னால் இவருடைய முகம் இருக்கும். கதிரையில் உட்கார்ந்து லயாவைத் தூக்கி மடியில் வைத்து அவளுடைய வயிற்றில் முகத்தைப் புதைத்தார், அவள் இவருடைய தலையில் வாழைப்பழத்தைத் தடவினாள். கொஞ்ச நேரம் கழித்து, இவர் வாய்ப்பக்கத்தால் கம்பியை விட்டு மெதுவாகத் தட்ட, சன்னம் பின்பக்கத்தால் என் உள்ளங்கையில் விழுந்தது. கூரான மூக்குக்குக் கொஞ்சம் கீழே, சுற்றிவர, பூனை நகம் கீறின மாதிரிச் சின்னச் சின்னக் கோடுகள். "அளவு பிழைச்சுப் போச்சு" என்றார் இவர், "நீர் உள்ளுக்கு அழுத்தினதால கொஞ்சம் கூடக் காட்டியிருக்கும். அதை ஓட்வாரிட்டக் குடுத்திருந்தா..." பிறகு மிகவும் தயங்கி, "விடுவமோ? ஓட்வாரையே அளக்கச் சொல்லுறன்" என்றார். நான் பென்சிலை எடுத்தேன். லயாவை உள்ளே நித்திரையாக்கி, கதவைச் சாத்திவிட்டு வந்து, பின்பக்கத்தில் நின்றேன். "இந்தமுறை இறுக்கிப் பிடியும் எண்டு சொல்லாதையுங்கோ" என்றேன். சிரித்தார். "தொட்டுக்கொண்டு நில்லும், காணும்." புதுச் சன்னம் ஒன்றை விட்டார். நான் தொட்டுக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான், நித்திரைப் பிள்ளையின் கன்னத்தைத் தொடுகிற மாதிரி. கம்பியின் நுனி சன்னத்தின் மூக்கில் வந்து முட்டியது பென்சில் வழியாக என் விரலுக்குத் தெரிந்தது, மிகவும் மெல்லிய ஒரு தட்டல். ரேப் ஒட்டினார். வாயைத் தூக்கினார், தட்டத் தேவைப்படவில்லை, அது தானாகவே வழுக்கி வந்து துவாயில் விழுந்தது, நான் கண்ணால் பார்த்தேன், கையால் எடுத்தேன், குழியில் வைத்தேன், பெட்டியை மூடினேன். வெறும் குழலை யன்னலுக்கு நேரே பிடித்து, "பாரும்" என்றார். குனிந்து பார்த்தேன். மறுமுனையில் ஒரு சின்ன வெள்ளைக் காசு, அதற்குள் ஒரு துண்டு வானம். பிறகு எல்லாவற்றையும் இரும்பு அலுமாரியில் பூட்டினார்.

இப்போது இரண்டு பேரும் நித்திரை. குசினி மேசையில் இருந்து எழுதுகிறேன், அந்தப் பென்சிலால்தான் எழுதுகிறேன், மொட்டைப் பக்கத்து வட்டத்தைப் பெருவிரல் அடிக்கடி தேடிப் போகிறது. திறந்த கதவால் லயாவின் தொட்டில் தெரிகிறது. வாயைத் திறந்துகொண்டு நித்திரை கொள்கிறாள், இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் உள்ளே ஒன்றும் தெரியவில்லை, கறுப்பாக இருக்கிறது. டோர்ச் கைக்கெட்டுகிற தூரத்தில்தான் கிடக்கிறது. கொஞ்ச நேரமாக அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எடுக்கவில்லை.